வெளிச்சத்துக்கு மட்டும் அசையும் கண்

கோகிலவாணியின் மகள் அமுதினி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அப்பா சம்பத் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு சிரித்தாள். எதிர்வீட்டு மெகருன்னிசா அக்கா வாசலில் நின்று நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் போட்டால் போதும், உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். தண்ணீர் கேன் போட வருகிறவர்கூட அந்தச் சிரிப்புக்காகச் சற்றுக் கூடுதலாக நின்றுவிட்டுப் போவார். அம்மாவைப் பார்த்து மட்டும் அவள் சிரிக்கவில்லை.

அழுதால் அம்மாவிடம்தான் அடங்கினாள். பால் குடித்தாள், தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த மட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோகிலா குனிந்து முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனால், குழந்தை ஒரு கணம் உற்றுப் பார்க்கும். எதையோ தேடுகிற பார்வை அது. தேடியது கிடைக்காததுபோல் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

குழந்தை மருத்துவர் காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எடை போட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, சில குழந்தைகள் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சம்பத்தும் அதையேதான் சொன்னான். கோகிலா சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாலும் மனசு ஆறவில்லை. துணி மடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தத் தேடுகிற பார்வை வந்து நின்றது. தன்னிடம் என்ன இல்லையென்று குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

கோகிலாவின் கண்கள் எல்லோருடையதையும் போன்றவை அல்ல. கண்மணியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் இருக்குமே, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சுருங்கி விரிகிற திரை, அது இல்லாமலே பிறந்தவள் அவள். சின்ன வயதில் அவள் கண்ணில் வெள்ளையும் கறுப்பும் மட்டும்தான் இருந்தன. பகல் வெளிச்சம் ஊசியாகக் குத்தும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தான் பள்ளிக்கூடம் போனாள். அதே சமயம், வீட்டு நிழலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் யாருக்கும் அவளை விட்டு நகர மனசு வராது. பாவாடைச் சட்டையில் அந்தக் கரிய பெரிய கண்களோடு அவள் நிமிர்ந்து பார்த்தால் கொடுத்த கடனைக் கேட்க வந்தவர்கள்கூட மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று அம்மா சொல்வாள்.

கல்லூரி முடிக்கும் சமயத்தில் கோயமுத்தூரில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆய்வுக்கூடத்தில் செய்த திரையை இரண்டு கண்களுக்குள்ளும் பொருத்தினார்கள். கம்பியில்லை, மின்கலமில்லை. வெளிச்சம் பட்டால் தானே சுருங்கும், இருட்டில் தானே விரியும். கட்டு அவிழ்த்த அன்று உச்சி வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு வேப்பமரத்தைப் பார்த்தாள். அதன் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தத் திரை நடுவில் விடும் துளை மற்றவர்களுடையதைவிடச் சிறியது. அதனால் அவளுக்குப் பார்வையும் மற்றவர்களைவிடக் கூர்மை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் துணியின் நிறம் பார்க்கும் வேலை கிடைத்ததே அந்தக் கூர்மையால்தான். வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துணிக்கும் இங்கே சாயமேறிய துணிக்கும் உள்ள மயிரிழை வித்தியாசத்தை அவள் கண் பிடித்துவிடும்.

வேலை நன்றாகப் போயிற்று. மனிதர்கள்தான் அவளிடம் ஒட்டவில்லை. அழுத்தக்காரி என்று பேர் வந்தது. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் ஒரே மாதிரி பார்க்கிறாள் என்றார்கள். பழைய தோழிகள் ஒவ்வொருவராகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அம்மாகூட, சாவதற்கு முந்தின வருஷம், ஆபரேஷனுக்குப் பிறகு நீ எங்கேயோ தள்ளிப் போய்விட்டாய் என்று சொல்லி அழுதாள். நோயில் பேசுகிறாள் என்று கோகிலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் மாறவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது. பால்கனிப் பக்கமிருந்து கொஞ்சம் மங்கல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கோகிலா குழந்தையை மடியில் போட்டு, பயந்துவிடப் போகிறதே என்று குனிந்து பார்த்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. தேடியது. அப்புறம் வாய் கோணி, கன்னம் உப்பி, ஒரு சிரிப்பு வந்தது. கையை நீட்டி அவள் மூக்கைப் பிடிக்கப் பார்த்தது. கோகிலா முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மின்சாரம் வந்து குழல்விளக்கு எரிந்ததும் குழந்தை அதே முகத்தை மறுபடி பார்த்தது. சிரிப்பு வடிந்தது. தலை மின்விசிறிப் பக்கம் திரும்பியது.

சம்பத் அதைத் தற்செயல் என்றான். மறுநாள் அந்தி நேரத்தில் கோகிலா தானே விளக்கை அணைத்தாள். சிரிப்பு வந்தது. போட்டாள், போயிற்று. பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, விளக்கை அணைத்தும் போட்டும் தன் கண்களைத் தானே பார்த்தாள். இருட்டில் கண்மணி அகன்று கரிய குளமாக இருந்தது. விளக்கு எரிந்ததும் கடுகு அளவுக்குச் சுருங்கியது. அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கண்மணி அப்படிச் சுருங்கவில்லை. அதே வெளிச்சத்தில் அது, பின்னால் வந்து நின்று கண்ணாடியில் தெரிந்த சம்பத்தைப் பார்த்துப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே இருவரும் குழந்தையோடு கோயமுத்தூர் போனார்கள்.

அவள் கண்ணுக்குத் திரை செய்தவர் பிரிசில்லா என்ற விஞ்ஞானி. நாகர்கோவில்காரர். அப்போது ஆய்வு மாணவியாக இருந்தவர், இப்போது அவிநாசி சாலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒளியியல் பொருட்கள் பிரிவுக்குத் தலைவர். வருடத்துக்கு ஒருமுறை கோகிலாவின் கண்ணைச் சோதித்து வந்ததில் இருவருக்கும் நல்ல பழக்கம். கோகிலா நடந்ததையெல்லாம் சொன்னாள். பிரிசில்லா முதலில் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குளியலறைக் கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தத் திரை எப்படி வேலை செய்யுதுன்னு முன்னாடி சொல்லியிருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

கோகிலாவுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. பிரிசில்லா சம்பத்தைப் பார்த்தார். அவன் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்று அவருக்குத் தெரியும்.

"பனியன் துணியைக் குறுக்கே இழுத்தா நீளத்துல சுருங்கும் இல்லையா? துணிக்குள்ள நூல் ஓடுற திசை அப்படி. இந்தத் திரைக்குள்ளயும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குச்சிங்க. எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும். ஆனா கல்லு மாதிரி இறுகி நிக்காது, தண்ணி மாதிரி நழுவிக்கிட்டே நிக்கும். அதனாலதான் இதுக்குத் திரவப் படிகம்னு பேரு. கூடவே ஒரு சாயம் கலந்திருக்கோம். பகல் வெளிச்சம் பட்டா அந்தச் சாயம் மடங்கும், குச்சிங்க வரிசை கலையும், திரை இழுத்து மூடிக்கும். இருட்டானா பழையபடி வரிசைக்கு வரும், திரை திறக்கும்."

"அது நல்லாத்தானுங்க வேலை செய்யுது," என்றாள் கோகிலா.

"வெளிச்சத்துக்கு நல்லா வேலை செய்யுது. அதுக்கு மட்டும்தான் வேலை செய்யுது." பிரிசில்லா கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்தவங்க கண்ணு வெளிச்சத்துக்கு மட்டும் அசையறதில்ல, கோகிலா. பிடிச்சவங்களைப் பாத்தா கண்மணி தானா விரியும். யாரும் வேணும்னு பண்றதில்ல, பண்ணவும் முடியாது. எதிர்ல இருக்கறவங்களும் அதைத் தெரிஞ்சு பாக்கறதில்ல. ஆனா மனசு பாத்துக்கும். குழந்தைங்கள்ல சிலது குரலைப் பிடிச்சுக்கும், சிலது வாசனையை. உங்க பொண்ணு கண்ணைப் பிடிச்சுக்கிற ஜாதி போல."

தோழிகளும் பட்டறை ஆட்களும் அம்மாவும் வரிசையாகக் கோகிலாவின் மனதில் வந்து போனார்கள். சின்ன வயதில் எல்லோரும் அவளிடம் உருகினதுக்கும், பிறகு விலகினதுக்கும் காரணம் இந்த ஒரு வளையம்தானா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பிரிசில்லாவின் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்தது. நாங்கள் எத்தனையோ அளந்தோம், இதை யாரும் நினைக்கவில்லை என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இதற்கு வழியில்லையா என்று சம்பத்தான் கேட்டான். வழி இருக்கிறது என்றார் பிரிசில்லா. திரையில் கலந்த சாயம் பகல் வெளிச்சத்துக்கு மடங்குவதுபோல, ஒரு குறிப்பிட்ட சிவப்பு ஒளிக்கு நிமிரும். அந்த ஒளியை மெல்லிசாகக் கண்ணுக்குள் விடுகிற மாதிரி ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்துவிடலாம். காதோரம் விரலால் தொட்டால் ஒளி வரும், பட்டப்பகலிலும் கண்மணி விரியும். மறுபடி தொட்டால் அணையும். கத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

திரும்பி வரும்போது காரில் குழந்தை தூங்கிவிட்டது. கருமத்தம்பட்டி தாண்டும்வரை கோகிலா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னுங்க, தொட்டா விரியுது, தொட்டா சுருங்குதுன்னா, அது நடிப்பு இல்லீங்களா? என்ர புள்ளைகிட்ட நான் சுவிட்சு போட்டுப் பாசத்தைக் காட்டணுமா?"

சம்பத் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"கல்யாணமான புதுசுல உனக்கு என்னையப் புடிக்கலைன்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன்," என்றான். "சொல்லல. பெரியவங்க சொன்னாங்கன்னு கட்டிக்கிட்டியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நீ சிரிப்பே, பேசுவே, ஆனா உன்ர மூஞ்சியப் பாத்தா எங்கியோ கதவு சாத்தின மாதிரி இருக்கும். எத்தனையோ நாளு கம்பெனியில இருந்து வூட்டுக்கு வரவே காலு வராது."

கோகிலா அவனையே பார்த்தாள். இந்த ஐந்து வருஷத்தில் அவன் இதை ஒருநாளும் வாய்விட்டதில்லை.

"அப்பறம் ஒரு நா எனக்குக் காய்ச்சல். நீ பக்கத்துல உக்காந்து என்ர சட்டைப் பொத்தானைத் தடவிக்கிட்டே இருந்தே. அன்னைக்குத்தான் உன்ர கையப் பாத்தேன். அதுக்கு மேல நான் உன்ர மூஞ்சியில எதையும் தேடல. கையப் பாத்துப் பாத்துத்தான் உன்னையப் படிச்சுக்கிட்டேன். எனக்கு அதுக்கு வயசு இருந்துச்சு, பொறுமை இருந்துச்சு. அவ பச்சைப் புள்ள கோகிலா. அவளப் போயி உன்னைய ஊகிச்சுக்கோன்னு விடலாமா?"

அவள் அழுதாள். அழும்போதும் அவள் கண்மணி கடுகாகத்தான் இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் அழுகை இன்னும் கூடியது. சம்பத் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பின்னால் வந்த லாரி ஒன்று ஒலிப்பானை நீளமாக அடித்துவிட்டுப் போயிற்று.

மார்கழியில் சட்டம் வந்தது. பார்க்கச் சாதாரண மூக்குக்கண்ணாடி போலவே இருந்தது. கண்ணாடித் துண்டு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் வெயில் விழுந்துகொண்டிருந்தபோது கோகிலா அதை மாட்டிக்கொண்டு குழந்தையை எதிரே உட்கார வைத்தாள். சம்பத் பின்னால் தலையணையைப் பிடித்துக்கொண்டான். காதோரம் தொட்டாள். கண்ணின் ஓரத்தில் இலேசாகச் செம்மை பரவியதுபோல் இருந்தது.

அமுதினி நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போலத் தேடினாள். இந்த முறை பார்வை நகரவில்லை. அங்கேயே தங்கியது. பிறகு முகம் முழுக்க மலர்ந்து, கைகளைத் தட்டத் தெரியாமல் தட்டி, வாயில் எச்சில் ஒழுக ஒரு கூச்சல் போட்டாள். எதிர்வீட்டிலிருந்து மெகருன்னிசா அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். வந்தவள் வாசலிலேயே நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகிலாவுக்குக் குழந்தையின் முகம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணீர் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளும் கலங்கல். அதற்கு மறுநாளும். கண் வறண்டுதான் இருந்தது. குழந்தையின் புருவத்தில் ஒவ்வொரு பூனைமுடியையும் எண்ணிவிடுகிற கண் அது. இடது காது மடலில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி இருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சட்டத்தைத் தொட்டதும் அந்தப் புள்ளி போய்விட்டது, புருவம் ஒரு தீற்றலாகிவிட்டது, உதட்டின் ஓரம் கன்னத்தில் கரைந்துவிட்டது. கண்ணும் கூசியது. குழந்தை அம்மாவை விடாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்மாவுக்குக் குழந்தை சரியாகத் தெரியவில்லை. குழந்தைகள் முகம் வாரத்துக்கு வாரம் மாறும். முதல் பல் வரப்போகிற ஈறு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் சட்டத்தை அணைக்க வேண்டும். அணைத்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சட்டத்தில் ஏதோ கோளாறு என்று பிரிசில்லாவுக்குப் போன் செய்தாள். அவர் வரச் சொன்னார். சம்பத்துக்கு வேலை நெருக்கடி. கோகிலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள்.

பிரிசில்லா சட்டத்தை வாங்கி ஒப்புக்குக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"இதுல கோளாறு இல்ல. துளை சின்னதா இருந்தா கூர்மையாத் தெரியும், பெருசானா ஓரமெல்லாம் கரையும். கேமராவுலயும் அப்படித்தான். அதை மாத்த என்னால முடியாது."

"அப்ப மத்தவங்கெல்லாம்?"

"மத்தவங்களுக்கும் அதேதான். கண்மணி விரிஞ்சா கொஞ்சம் மங்கும். பிறந்ததுலேருந்து அப்படியே பழகிட்டதால யாருக்கும் தெரியறதில்ல. உங்க கண்ணு பத்து வருஷமா கூர்மையாவே பாத்துப் பழகினது, அதனால உங்களுக்குத் தெரியுது."

கோகிலாவுக்கு அது வினோதமாக இருந்தது. சம்பத் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் மங்கலாகத்தான் பார்த்திருக்கிறான் என்பதை அவளால் சட்டென்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிரிசில்லா எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாரே தவிர, அதைத் திறக்கத் தயங்கினார். இது உங்களுக்குப் பயன்படும், ஆனால் இதைக் காட்ட எனக்கு அவ்வளவு பிரியமில்லை என்றார்.

உள்ளே இருந்தவை கண்ணில் ஒட்டிக்கொள்ளும் லென்சுகள். கோகிலாவின் சட்டத்தைச் செய்யத் தொடங்கியபோதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு அதை மோப்பம் பிடித்துவிட்டது. எல்லோருக்கும் விற்கிற மாதிரி ஒன்று வேண்டுமென்றார்கள். இந்த லென்சில் திரவப் படிகத்தால் ஒரு வளையம் உண்டு. சாதாரண நேரத்தில் அது தெரியாது. தேவையானபோது, கால்குலேட்டரில் எண்கள் கறுப்பாக எழும்புவதுபோல, கண்மணியைச் சுற்றி வளையமும் கறுத்துவிடும். பார்க்கிறவருக்குக் கண்மணி விரிந்ததாகத் தோன்றும். உண்மையில் உள்ளே ஒன்றும் திறக்காது. கண் கூசாது, மங்கவும் மங்காது.

பெரிய துணிக்கடைகளில் சேலை எடுத்துப் போடும் பெண்கள் சிலருக்கு இதை ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்கள் கூடுதல் நேரம் நிற்கிறார்களாம். விடுதி வரவேற்பறைகளிலிருந்து கேட்டு வருகிறார்கள். தேர்தலுக்கு நிற்கிறவர் ஒருவர் ரகசியமாகக் கேட்டனுப்பினாராம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் கண்ணில் லென்சு இருக்கிறதா என்று பார்க்கிற காலம் வந்துவிடும் என்று சொல்லி பிரிசில்லா சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை.

"உங்களுக்காகச் செஞ்சதுலேருந்துதான் இது முளைச்சது. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. ஆனா நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில். குழந்தைக்கு நீங்க தெரிவீங்க. உங்களுக்குக் குழந்தை தெரியும். இரண்டும் கிடைக்கும்."

கோகிலா சற்று யோசித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிரிசில்லா இரண்டு கண்ணிலும் லென்சைப் பொருத்தி, குழந்தையைத் தூக்கி அவள் மடியில் எதிர்ப்பக்கமாக உட்கார வைத்தார். அறையில் பகல் வெளிச்சம் தாராளமாக இருந்தது. பிரிசில்லா தன் கையிலிருந்த சின்னக் கருவியை அழுத்தினார்.

அமுதினி பார்த்தாள், தேடினாள், கண்டுகொண்டாள். சட்டம் போட்ட நாளில் சிரித்த அதே சிரிப்பு. துளிகூட வித்தியாசமில்லை. கைகளை ஆட்டிக்கொண்டு அதே கூச்சலைப் போட்டாள்.

இந்தத் தடவை கோகிலாவுக்கு எல்லாம் தெரிந்தது. புருவத்து முடி தெரிந்தது. காது மடலின் வெள்ளைப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. கீழ் ஈறில் அரிசி நுனி போல ஒன்று எட்டிப் பார்த்தது. அது இத்தனை நாளாக வந்துகொண்டிருந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. ஆசை தீர ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் குழந்தையின் கண்ணுக்கு வந்தாள்.

குழந்தையின் கண்மணி விரிந்துகொண்டிருந்தது.

பழுப்பு வளையத்தை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு கறுப்பு பெரிதாவதை அவளால் நூல் பிசகாமல் பார்க்க முடிந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருந்தது. குழந்தைக்குக் கண் கூசியது போலும், ஒருமுறை சிமிட்டியது. அப்படியும் சுருங்கவில்லை. விரிந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேடம், இவ கண்ணு இப்படி விரிஞ்சிருக்குதே. அப்ப இவளுக்கு என்ர மூஞ்சி இப்போ எப்படித் தெரியும்?"

பிரிசில்லா குனிந்து குழந்தையின் கண்ணைப் பார்த்தார்.

"மங்கலாத்தான் தெரியும். நான் சொன்னேனே, எல்லாருக்கும் அப்படித்தான்."

மடியில் குழந்தை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு முறை, இரண்டு முறை கோகிலாவின் தலை தானாக ஆடியது, யாரிடமோ ஒப்புக்கொள்வதுபோல.

"கழட்டிருங்க மேடம்."

ஏன், உறுத்துகிறதா என்று பிரிசில்லா கேட்டார்.

"இல்லீங்க. இது ரொம்ப நல்லாத்தான் இருக்குது. இவளுக்கு வித்தியாசமும் தெரியாது, அதையும் பாத்துட்டேன். ஆனா இவ என்னையச் சரியாப் பாக்கறதை விட்டுக் குடுத்துட்டு என்னையப் பாத்துட்டு இருக்கறா. நானு எதிர்ல உக்காந்துக்கிட்டு, வெளியில கறுப்பைப் பூசிக்கிட்டு, உள்ளார கதவைச் சாத்திக்கிட்டு, இவ பல்லை எண்ணிக்கிட்டு இருக்கறேன். எனக்கு அது ஒப்பலீங்க."

விட்டுக்கொடுப்பதாக நினைத்துக் குழந்தை ஒன்றும் செய்வதில்லை, அது தசையின் வேலை என்று பிரிசில்லா சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, கோகிலா லென்சுகளை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கும்வரை காத்திருந்தார். ஈறைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளை தூங்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று கோகிலா பாதி தனக்கும் பாதி அவருக்குமாகச் சொன்னாள்.

பிறகு பையிலிருந்து சட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். குழந்தையை வாங்கி மடியில் எதிரே உட்கார வைத்தாள். மங்கிப் போவதற்கு முன் ஒருமுறை அதன் முகம் முழுவதையும் நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். காதோரம் தொட்டாள். வெளிச்சம் பொங்கி உள்ளே வந்தது. அரிசி நுனி போயிற்று, புருவம் போயிற்று, கன்னத்தின் ஓரம் ஜன்னலோடு கலந்தது. நடுவில் இரண்டு கறுப்பு மட்டும் நின்றன. குழந்தையின் சத்தமும் நின்றுவிட்டது.

"சிரிக்கறாளாங்க, மேடம்?"

பிரிசில்லா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"இல்ல. முகத்தைத் திருப்பவும் இல்ல. சும்மா உங்களையே பாத்துக்கிட்டே இருக்கா."

கோகிலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.